12,000 ரூபாய் கட்டணமும் ஆறரை வருடமும்

2018 மே மாத வெயிலில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறைத் தரையில் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று கட்டம் போட்டேன். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் விரிவுரையாளர் தகுதி கிடைத்திருந்தது, மாத உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. பிஎச்.டி. சேர மூன்று இடங்கள் கைவசம் இருந்தன. மூன்றுக்கும் ஆகும் செலவை எழுதுவது, குறைவான இடத்தில் சேர்வது. திட்டம் அவ்வளவுதான்.

முதல் கட்டத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரியின் ஆய்வு மையம். அரசு உதவி பெறும் கல்லூரி, நான் படித்த இடம். வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். வீட்டிலிருந்தே போய்வரலாம். உதவித்தொகை எதுவும் கிடையாது. கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், எனக்கு எம்.எஸ்சி.யில் பாடம் எடுத்தவர்.

இரண்டாவது, சென்னைப் பக்கம் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கட்டணம் வருடத்துக்கு 75,000, விடுதிக்கு 90,000. மாதம் 15,000 ஸ்டைபெண்ட் உண்டு. பதிலுக்கு வாரத்தில் எட்டு மணி நேரம் இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஹைதராபாத்தில் ஒரு மத்திய ஆய்வு நிறுவனத்தில் புராஜெக்ட் வேலை. மாதம் 25,000. நெட்டில் விரிவுரையாளர் தகுதி மட்டும் இருந்தாலும் மத்திய அரசு நிதியில் நடக்கும் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வாளர் பணியில் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் அப்போதுதான் தெரியும். ஆனால் பிஎச்.டி. பதிவை “ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்” என்றார்கள்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் கணக்கு ஒப்படைக்கும்போது ஐந்து ரூபாய் குறைந்தாலும் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிப் பழகியவர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தன வருசம்மா?”

“மூணு வருசம்ப்பா.”

“யாரு சொன்னா?”

“யூ.ஜி.சி. ரூல்ல இருக்கு.”

அப்பா சிரித்தார். “திருநெல்வேலிக்கு ஒன்னேகால் மணி நேரம்னு டைம் ஷீட்லயும்தான் இருக்கு. நான் இருபத்தெட்டு வருசத்துல எத்தன நாள் அந்த நேரத்துக்குப் போயிருக்கேன்னு நெனைக்கிற?”

நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழகங்களுக்கு விதி வகுக்கும் யூ.ஜி.சி.யின் விதியில் இருந்தது குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. குறைந்தபட்சத்தையே நான் படிப்பின் காலமாக எழுதிவிட்டேன். என் கணக்கில் நடந்த முதல் தப்பு இது. பின்னால் வந்த தப்புகள் பெரும்பாலும் இதன் குட்டிகள்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கட்டத்தில் 75,000 என்ற எண்ணைப் பார்த்ததும் மிரண்டுவிட்டேன். நிதானமாகக் கூட்டிக் கழித்திருந்தால், ஸ்டைபெண்ட் வருடத்துக்கு 1,80,000, கட்டணமும் விடுதியும் சேர்ந்து 1,65,000. அதாவது அந்த “விலை கூடிய” இடத்தில் வருடத்துக்கு 15,000 கையில் நிற்கும். “மலிவான” இடத்திலோ 12,000 கையை விட்டுப் போகும். ஆனால் மிரண்டதற்கு ஒரு நியாயமும் இருந்தது. 1,65,000 ரூபாயை ஜூனிலேயே மொத்தமாகக் கட்ட வேண்டும், ஸ்டைபெண்ட் மாதாமாதம் பிறகுதான் வரும். அக்கா கல்யாணக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் அவ்வளவு ரொக்கம் எங்கே இருக்கிறது? எவ்வளவு என்பதும் எப்போது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று அன்று யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால், நகையை வைத்தோ சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கியோ ஆறு மாதத்தைச் சமாளித்திருக்கலாம். ஒரு தற்காலிகப் பணமுடைக்காக நிரந்தரமான ஒரு முடிவை எடுத்தேன்.

சரி, முதல் கட்டத்தில் சேர்ந்தேன்.

என் தலைப்பு, சாயக்கழிவு நீரை வெளிச்சத்தைக் கொண்டு சுத்தப்படுத்தும் துத்தநாக ஆக்சைடு நுண்துகள்கள். தமிழ்நாட்டில் வேதியியல் ஆய்வு செய்கிறவர்களில் வீதிக்கு ஒருவர் செய்யும் தலைப்பு என்று கேலி செய்வார்கள், இருக்கட்டும். எங்கள் லேபில் மஃபிள் ஃபர்னஸ் என்கிற மின்சூளை ஒன்று, ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி கருவி ஒன்று, வேதிப்பிணைப்பைக் காட்டும் பழைய எஃப்டிஐஆர் ஒன்று. மற்றதெல்லாம் வெளியேதான். துகளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி எடுக்க ஓர் ஊர், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எஸ்இஎம் படம் எடுக்க ஓர் ஊர், இன்னும் நுணுக்கமான டிஇஎம் எடுக்கச் சென்னை. துகளைச் சின்னக் குப்பியில் அடைத்து, பாராஃபிலிம் சுற்றி, பெயர் எழுதி, கூரியரில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். முடிவு வர மூன்று வாரம் முதல் ஆறு வாரம் ஆகும்.

ஒரு சாம்பிளுக்குச் சில நூறு முதல் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகும் பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஆறு வாரம்தான் ஆளைத் தின்றது. ஆராய்ச்சி என்பது தப்புச் செய்து, அதைக் கண்டுபிடித்து, திருத்தி மறுபடி செய்வது. தப்பு தெரிவதற்கே ஆறு வாரம் ஆனால் வருடத்துக்கு எட்டுத் தப்புதான் செய்ய முடியும். கருவி கீழ்த்தளத்தில் இருக்கும் இடத்தில் அதே எட்டுத் தப்பை இரண்டு வாரத்தில் செய்து முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பின்னால் ஹைதராபாத்தில் முதல் நாள் மதியம் கொடுத்த சாம்பிளுக்கு மறுநாள் காலை எக்ஸ்ஆர்டி வரைபடம் மின்னஞ்சலில் வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இரண்டரை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற எரிச்சல்.

ஒருமுறை 500 டிகிரியில் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இணைப்பு அலுவலக அறைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் மட்டும்தான். சாம்பிள் பாழ். அந்தச் சாம்பிளைத் திரும்பச் செய்யப் பத்து நாள் ஆனது. இதெல்லாம் எந்தக் கல்லூரியின் கட்டண விவரத்திலும் இருக்காது.

நோட்டில் விடாமல் எழுதி வந்தேன். இரண்டரை வருடத்தில் கட்டணம் மூன்று தவணையாக 36,000. ரசாயனமும் கண்ணாடிப் பொருட்களும் 41,000. சாம்பிள் சோதனைகள் 58,000. சென்னைக்கும் மதுரைக்கும் அலைந்தது 23,000. மொத்தம் 1,58,000. ஆக, கட்டணம் என்பது செலவில் கால் பங்குகூட இல்லை. இதோடு, எம்.எஸ்சி. முடித்த கையோடு ஒரு மருந்து நிறுவனத்தில் மாதம் 18,000 சம்பளத்துக்குக் கூப்பிட்டதைப் போகாமல் விட்டேன். முப்பது மாதத்துக்கு அது 5,40,000. இரண்டையும் கூட்டினால் 6,98,000 ரூபாய். 12,000 என்று நோட்டில் எழுதிய இடத்தின் உண்மையான விலை அது.

அதே இரண்டரை வருடத்தில் நடந்த இன்னொன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. 2019இல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு ஏதேதோ சிக்கல், ஏழு மாதம் படுக்கையும் மாத்திரையுமாக இருந்தார். காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு லேபுக்குப் போய், நாலு மணிக்குத் திரும்பி வந்து புண்ணுக்கு மருந்து போட என்னால் முடிந்தது. ஹைதராபாத்தில் இருந்திருந்தால் முடிந்திருக்காது. அக்காவுக்குக் கைக்குழந்தை. அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. எனவே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது முழு முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அம்மாவுக்காக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, 12,000க்காகத் தேர்ந்தெடுத்தேன். தற்செயலாக நல்லதாகப் போனதைத் தீர்க்கதரிசனமாகச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

2019 டிசம்பர் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. மார்ச்சில் கொரோனா வந்து லேபைப் பூட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் கைடு எப்போது ஓய்வு பெறுகிறார் என்று முதல்முறையாக யோசித்தேன். சேரும்போது அதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போது ஓய்வு வயது 58, அவருக்கு அது 2020இல் வந்திருக்க வேண்டும். அந்த மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியதால் ஒரு வருடம் தப்பித்தோம், அடுத்த பிப்ரவரியில் அது 60 ஆனது. ஆனாலும் என் வேகத்தில் போனால் அவர் காலத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற வழி தெரியவில்லை. இப்போதைய விதி கொஞ்சம் தேவலை. 2022 நவம்பரில் யூ.ஜி.சி. வெளியிட்ட நெறிமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. மூன்று வருடம் போதுமா என்பது வேறு விஷயம்.

அவரிடமே போய்க் கேட்டேன். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, “ஜே.ஆர்.எஃப். வாங்கிட்டு இங்க ஏம்மா இருக்க? போ” என்றார். என் மீது கோபமோ என்று பயந்தேன். அப்படி எதுவும் இல்லை. என்னை அங்கே வைத்திருப்பது எனக்கு நல்லதல்ல என்பது என்னைவிட அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பதிவை ரத்து செய்யத் தடையின்மைச் சான்று, நூலகத்திலிருந்து ஒன்று, கணக்குப் பிரிவிலிருந்து ஒன்று என்று மூன்று மாதம் ஓடியது. கட்டிய பணம் திரும்பவில்லை. “ரெண்டரை வருசம் போட்டுட்டு இப்ப விடுறியே” என்று சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. எனக்கும் ராத்திரியில் அதே நினைப்புதான். அப்பா மட்டும், “பாதி வழியில தப்பான பஸ்ஸுன்னு தெரிஞ்சா டிக்கெட் காசு போச்சேன்னு கடைசி ஸ்டாப் வரைக்குமா போவ?” என்றார்.

இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கும்போது கட்டம் போடவில்லை. ஊரடங்கில் நேரம் நிறைய இருந்தது, பத்து கைடுகளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு துப்பறிய ஆரம்பித்தேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லித் தராதது இது.

முதலில் ஷோத்கங்கா. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் தளம், நாடு முழுக்கப் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். கைடின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். நான் ஆய்வேட்டைப் படிக்கவில்லை. சான்றிதழ்ப் பக்கத்தையும் நன்றியுரையையும் மட்டும் படித்தேன். பதிவு செய்த வருடமும் சமர்ப்பித்த வருடமும் பல ஆய்வேடுகளில் கிடைத்துவிடும், கழித்துப் பார்த்தால் போதும். நன்றியுரை அதைவிடப் பெரிய சுரங்கம். “எஸ்இஎம் எடுத்துத் தந்த இன்ன கல்லூரிக்கு, என்எம்ஆர் எடுத்துத் தந்த இன்ன நிறுவனத்துக்கு” என்று வெளியூர்ப் பெயர்களாக நீண்டால் அந்த லேபில் கருவி இல்லை என்று அர்த்தம். உதவித்தொகை எங்கிருந்து வந்தது என்பதும் அங்கேயே இருக்கும். “கடன் கொடுத்து உதவிய மாமாவுக்கு” என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த லேபை அடித்துவிட்டேன்.

அடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்த கைடின் பேப்பர்கள். ஆறேழு வருடத்துப் பேப்பர்களில் மாணவர் பெயர்களைக் கவனித்தால் ஒரு கதை ஓடும். ஒரு பெயர் நாலைந்து பேப்பரில் வந்து பிறகு ஆய்வேடாக முடியும். இன்னொரு பெயர் ஒரே பேப்பரில் வந்துவிட்டுக் காணாமல் போகும். அந்தக் காணாமல் போனவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். முடித்தவர்கள் எல்லாரும் தங்கள் கைடைப் பற்றி ஏதோ ஓர் அளவுக்கு நல்லதாகத்தான் சொல்வார்கள், பட்டம் கையில் வந்த பிறகு பட்டதெல்லாம் வீரக்கதையாகிவிடும். பாதியில் விட்டவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இரண்டையும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பிறகு போன். இப்போது லேபில் இருக்கும் சீனியர் ஒருவரிடமாவது பேச வேண்டும். “சார் எப்படி?” என்று கேட்டால் “நல்ல டைப்தான்” என்பதற்கு மேல் பதில் வராது. எண்ணில் பதில் வருகிற மாதிரிக் கேட்க வேண்டும். கடைசியாக சப்மிட் செய்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது? ஃபெல்லோஷிப் ஐந்து வருடம் முடிந்த பிறகும் லேபில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள்? சாம்பிள் கொடுத்தால் எத்தனை நாளில் முடிவு வரும்? சேர்ந்து எத்தனை மாதம் கழித்து முதல் பணம் வந்தது? எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை சார் எத்தனை வாரத்தில் திருப்பித் தருவார்? கடைசிக் கேள்விக்குப் பல பேர் சிரித்தார்கள். ஒருவர், “திருப்பித் தருவாரா?” என்று என்னையே கேட்டார்.

இப்படிப் பத்து, நாலாகி, இரண்டாகி, கடைசியில் ஹைதராபாத்திலேயே வந்து நின்றது. 2018இல் மூன்றாவது கட்டத்தில் இருந்த அதே ஊர், வேறு நிறுவனம். 2021 ஜனவரியில் சேர்ந்தேன். 2024 டிசம்பரில் சமர்ப்பித்தேன். அங்கே நாலு வருடம், கோவில்பட்டியையும் சேர்த்தால் ஆறரை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தபோது ஜே.ஆர்.எஃப். மாதம் 31,000. இரண்டு வருடம் கழித்து அதன் அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். ஆனேன். 2023 ஜூனில் தொகையை உயர்த்தி ஜனவரி 1 முதல் கணக்கிட்டதால் எனக்கு 42,000 ஆனது. முதல் இரண்டு வருடம் 7,44,000, அடுத்த இரண்டு வருடம் 10,08,000, மொத்தம் 17,52,000 ரூபாய். இன்று புதிதாகச் சேர்பவருக்கு முதல் இரண்டு வருடம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000. ஐந்து வருடமும் வாங்கினால் சரியாக 24 லட்சம். இதுபோக யூ.ஜி.சி. ஃபெல்லோஷிப்பில் அறிவியல் பிரிவுக்கு இதர செலவுத்தொகை முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000, பிறகு 25,000. விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் சேர்ந்தால் கிடைப்பது மாதம் 8,000. இந்த 8,000க்கும் 37,000க்கும் நடுவே இருப்பது ஒரு பரீட்சைதான். அதனால் என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம், இடத்தைத் தேடுவதற்கு முன்னால் நெட்டை இன்னொரு முறை எழுதச் சொல்கிறேன். ஒரு வருடம் வீணாகிறதே என்பார்கள். ஃபெல்லோஷிப் இல்லாமல் சேர்ந்து சாம்பிள் செலவுக்கு டியூஷன் எடுக்கும் வருடங்களைவிட அது வீண் இல்லை. பெண்களுக்கு ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வும் இருக்கிறது.

ஆனால் ஃபெல்லோஷிப் என்பது சம்பளம் போல ஒன்றாம் தேதி வந்து விழாது. மாதாமாதம் நிறுவனம் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதைப் பார்க்கிறவர் விடுப்பில் போனால் எல்லாருடைய பணமும் விடுப்பில் போகும். எனக்கு முதல் தொகை வர ஐந்து மாதம் ஆனது. மெஸ் பில்லுக்கு அப்பாதான் அனுப்பினார். ஃபெல்லோஷிப் கையில் இருந்தாலும் மூன்று, நான்கு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். 2018இல் ரொக்கம் இல்லை என்று இரண்டாவது கட்டத்தை விட்டேன், 2021இலும் அதே ரொக்கப் பிரச்சினை வந்தது. இந்த முறை முன்கூட்டியே தெரிந்ததால் சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருந்தோம்.

அந்த இரண்டாவது கட்டத்தில் என் வகுப்புத் தோழன் சேர்ந்தான். 75,000 கட்டினான். மூன்று வருடம் பத்து மாதத்தில் முடித்து, நான் ஹைதராபாத்தில் இரண்டாம் வருடம் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகிவிட்டான். கருவிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ், கைடுக்கு 41 வயது, பேப்பர் பசி. “தனியார்னா காசைக் கொட்டணும்” என்று அன்று நான்தான் அவனுக்கு உபதேசம் செய்தேன். ஆனால் அதே இடத்தில் வேறு துறையில் சேர்ந்த இன்னொரு பெண்ணின் கைடு இரண்டாம் வருடமே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கட்டணம் மட்டும் வருடாவருடம் ஓடியது. ஒரே வளாகம், ஒரே கட்டணம், ஆள்தான் வேறு. தரவரிசைப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்வது எனக்குக் கடைசி அளவுகோல்.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்பார்கள். பஹ்ரைனில் இருக்கும் அத்தான் இங்கிலாந்தில் சொந்தப் பணத்தில் படிக்கச் சொல்லி ஒரு காலத்தில் நச்சரித்தார். நிதி இல்லாத வெளிநாட்டு பிஎச்.டி. பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கட்டணம் ஒரு பக்கம், விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை எல்லா வருடங்களுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நிதியோடு கிடைத்தால் கதையே வேறு. என் ஜூனியர் ஒருத்தி ஜெர்மனியில் இருக்கிறாள். அவளை மாணவியாக இல்லை, பணியாளராக ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். சம்பளம், காப்பீடு, கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும். பிஎச்.டி.க்காகக் கடன் வாங்குவதை மட்டும் நான் எந்த நாட்டுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் இவ்வளவு சொன்னதும் உள்ளூர்க் கல்லூரியே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். என் பள்ளித் தோழி ஒருத்தி வரலாற்றில் அதே மாதிரி ஒரு கல்லூரியில்தான் சேர்ந்தாள். அவள் எடுத்துக்கொண்டது கழுகுமலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவளுடைய ஆய்வுக்கூடம் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர், மினி பஸ்ஸில் போனால் மலை. அவளுக்கு ஹைதராபாத்தோ சென்னையோ செலவுதான், லாபம் இல்லை. அதுபோலப் பள்ளியில் நிரந்தர வேலையில் இருந்துகொண்டு பகுதி நேரமாகச் செய்கிறவர்களுக்கும் பக்கத்து ஊர்தான் சரி. அவர்களுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது, காலம் அவர்களை என்னைத் தின்ற மாதிரித் தின்னாது. துறையைப் பொறுத்து கணக்கு தலைகீழாக மாறும். உங்கள் ஆய்வுக்குத் தேவையான பொருள் எங்கே இருக்கிறதோ, அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு அந்தப் பொருள் ஒரு கருவி, அவளுக்கு ஒரு பாறை.

இந்தப் பட்டம் வேண்டுமா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதியாக நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் விதி மாறியது. வேலைக்காக மட்டும் என்றால் இந்த ஐந்தாறு வருடத்தை வேறு மாதிரியும் செலவழிக்கலாம். எனக்கு லேப் பிடிக்கும். சாம்பிள் சூளையிலிருந்து வெளியே வரும் அந்த நிமிடம் பிடிக்கும். அந்த ஆசைக்கு எண் போட முடியாது, ஆனால் கணக்கில் அதற்கும் ஓர் இடம் விட்டு வைக்க வேண்டும். நடுவில் ஓரிரு வருடம் அதைத் தவிர வேறு எதுவும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. கல்யாணப் பேச்சு, 28 வயது, ஹைதராபாத் மெஸ் சாம்பாரின் இனிப்பு, இதையெல்லாம் இன்னொரு நாள் புலம்பிக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் வந்தாள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், ஜே.ஆர்.எஃப். வாங்கியிருக்கிறாள். கையில் ஒரு நோட்டு, அதில் மூன்று கட்டம். கட்டணம், விடுதி, பேருந்துச் செலவு என்று அழகாகக் கோடு போட்டிருந்தாள். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, “எத்தன வருசம்னு போட்டிருக்கியாம்மா?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

அவள் சொன்ன லேபில் இருக்கும் ஒரு சீனியரின் எண்ணை என் நண்பர்கள் மூலம் வாங்கிக் கொடுத்தேன். கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் ஆகியும் கூப்பிடவில்லை. “தெரியாதவங்ககிட்டப் போய் எப்படிக்கா, கூச்சமா இருக்கு” என்றாள். அவள் போனையே வாங்கி ஸ்பீக்கரில் போட்டு டயல் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“இப்ப சார் பக்கத்துலயே இருக்காரு. ஒன்பது மணிக்கு மேல நானே கூப்பிடுறேன்.”